ஓரம் வெட்டிய பக்கங்கள்

கியோத்தோ நகரில் இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. இறந்துபோன இளவரசிக்குச் சேர வேண்டிய புண்ணியத்தைத் தன் கிறுக்கல்களுக்காகத் தடுக்கப் பார்த்தாள் ஒருத்தி, அதுவும் ஆண்கள் வேலை செய்யும் இடத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்து, என்று. கோயில்களில் சொல்கிறார்கள். அலுவலகத் தாழ்வாரங்களில் சொல்கிறார்கள். முலாம்பழம் விற்கிறவன்கூடச் சொல்கிறான். நான் அன்று அங்கே இருந்தவன். நாலு பேர் நடுவில் நின்று மறுத்துப் பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

பேச்சில் வரும் அந்தப் பெண்ணை எல்லாரும் மிமசாகா என்பார்கள். அது அவர் பெயர் இல்லை. அவருடைய அப்பா ஒரு காலத்தில் மிமசாகா நாட்டுக்கு ஆளுநராக இருந்தார், அவ்வளவுதான். அந்த நாட்டை மகள் கண்ணால் கண்டதில்லை. அங்கே மலையா வயலா என்று கேட்டால், "அப்பாவோட இருமல் அங்கேருந்து வந்துச்சு, எனக்குத் தெரிஞ்சது அதான்" என்பார். வீட்டில் வைத்த பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவருடைய அண்ணன் சுகெதாகாவின் வண்டி எருதுக்கு ஒரு பெயர் உண்டு. வண்டிக்காரன் அதைச் சொல்லித்தான் விரட்டுகிறான், தெருவே அறியும். பன்னிரண்டு வருடம் அரண்மனையில் வேலை செய்த ஒரு பெண்ணுக்கு மட்டும் அப்பாவின் பழைய பதவிதான் பெயர்.

பத்தொன்பது வயதில் ஐந்தாம் இளவரசியின் மாளிகைக்குப் பணிப்பெண்ணாகப் போனார். போன முதல் குளிர்காலத்திலேயே ஒரு குறை வெளிப்பட்டுவிட்டது. அவருக்குப் பாட்டு வராது. நம் நகரில் கையில்லாமல் பிறந்தால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம். ஒரு படைத்தலைவர் பிளம் கிளையில் பாட்டு ஒன்றைக் கட்டி அனுப்பினார். தூது வந்தவன் காலில் இருந்த சேறு காய்வதற்குள் பதில் பாட்டு போக வேண்டும். பணிப்பெண்கள் எல்லாரும் மிமசாகாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேறு காய்ந்தது. கிளையிலிருந்த பனியும் உருகிச் சொட்டியது.

கடைசியில் தூதனிடம் சொன்னார்: "பனி உருகிடுச்சுன்னு போய்ச் சொல்லிடு. அதுக்கு மேல எனக்கு ஒன்னும் தோணலை."

அறையே சிரித்தது. திரைக்குப் பின்னால் இளவரசியும் சிரித்தார். அவருக்கு அப்போது பதினாறு வயது. மறுநாள் மூன்று கட்டுக் காகிதத்தை மிமசாகாவிடம் தள்ளினார்.

"பாட்டு வரலைன்னா போகட்டும். என்ன வருதோ அதை எழுது."

அந்தக் காகிதம் எங்கள் பட்டறையில் செய்தது. ஆற்றங்கரைக் காகிதச் சாலையில் நான் எழுத்தன். வருகிற தாள்களைத் தரம் பிரித்துக் குறிப்பெழுதுவது என் வேலை. குசும்பப்பூவின் சிவப்புச் சாயம் திட்டுத் திட்டாகப் பிடித்துக் கெட்டுப்போன கட்டுகள் அவை. விழாவுக்கு ஆகாது என்று இளவரசியின் மாளிகையில் கிடந்தன.

கெட்டுப்போன காகிதத்தில் அவர் எழுத ஆரம்பித்தது இப்படி:

'எனக்குப் பல் வலிக்கும்போது மற்றவர்கள் எல்லாரும் வழக்கத்தைவிடச் சத்தமாகச் சிரிக்கிறார்கள். வலி போன பிறகு கவனித்தேன். எப்போதும்போலத்தான் சிரிக்கிறார்கள். ஆனாலும் அவர்களை மன்னிக்க மனமில்லை.'

வேறொரு பக்கம்: 'விருந்தாளி எழுந்து போன பிறகு அவர் உட்கார்ந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் இருந்தபோது நான் இவ்வளவு அன்பாக இல்லை.'

இது பாட்டில்லை. இளவரசனும் நிலவும் இல்லாததால் கதையும் இல்லை. நாட்குறிப்பும் இல்லை. நாட்குறிப்பு என்பது ஆண்கள் சீன எழுத்தில் எழுதுவது. இன்று மழை. தெற்கு வாசலில் விழா. அமைச்சர் தாமதமாக வந்தார். அவருக்குப் பின்னால் யார் நின்றார், அவருக்கும் பின்னால் யார். முப்பது வருடம் இப்படி எழுதிப் பெட்டியில் பூட்டி மகனுக்குச் சொத்தாக விட்டுப்போகிறார்கள். அந்த முப்பது வருடத்தில் ஒருநாள்கூட அவர்களுக்குப் பல் வலிக்கவில்லை. இதற்குப் பெயர் எழுத்து. ஒரு பெண் தனக்கு உள்ளே நடந்ததை, ஊர் பேசும் மொழியில், பெண்ணெழுத்தில் வைத்தால் அதற்குப் பெயர் கிறுக்கல். நான் இந்தக் காலத்துப் பாட்டுகளைத் தேடிப் படிக்கிறவன்; பெரியவர்கள் முகம் சுளிக்கும் பாட்டுகள். அவற்றில்கூட இவ்வளவு துணிச்சலை நான் பார்த்ததில்லை. தன் மனம் ஒரு பக்கத்துக்குப் போதுமான பொருள்தான் என்று எனக்குத் தெரிந்து முதலில் நம்பியவர் அவர்.

இளவரசி அந்தப் பக்கங்களை வாங்கிப் படிப்பார். படித்து ஓரத்தில் எழுதுவார். பல்வலிப் பக்கத்தின் ஓரத்தில், 'பொய். அன்று எல்லாரையும்விட அதிகம் சிரித்தது நீதான்' என்று எழுதினார். தன் வரிகளின் முடிவில் மிமசாகா அதற்குப் பதில் வைத்தார்: 'பொய்யில்லை. எனக்கு வலித்தது இடப்பக்கம். சிரித்தது வலப்பக்கம்.' இப்படியே பன்னிரண்டு வருடம். ஒருத்தி எழுத, ஒருத்தி ஓரத்தில் சீண்ட, இவள் மறுபடி திருப்பிக் கொடுக்க. மாளிகை முழுக்கக் கைமாறிப் படித்தார்கள். ஆண்களும் ஒளித்து வாங்கிப் படித்தார்கள். அவர்கள் அதை வெளியில் சொல்லவில்லை.

அண்ணனைப் பற்றியும் ஒரு பக்கம் இருந்தது. சுகெதாகா சடங்குத் துறையில் நடுத்தர அதிகாரி. கோபப்பட்டாலும் காட்டிக்கொள்ளாதவர் என்று பெயர் வாங்க ஆசைப்பட்டவர். அந்தப் பக்கம் எப்படியோ அவருடைய மேலதிகாரியின் காதுக்குப் போய்விட்டது. ஒருநாள் சபையில் மேலதிகாரி எல்லார் முன்னாலும், "என்ன சுகெதாகா, இன்னிக்குக் கோபமோ? உங்க தொப்பி சொல்லுதே" என்றார். அன்றிலிருந்து அண்ணன் தங்கையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மேலதிகாரியின் பரிந்துரையில்தான் அவருடைய அடுத்த பதவி இருந்தது.

இந்த வசந்தத்தில் அம்மை வந்து இளவரசி இறந்தார். மாளிகையைப் பூட்டினார்கள். பணிப்பெண்கள் சாம்பல்நிறத் துக்க உடையில் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். மிமசாகா அப்பாவின் பழைய வீட்டில், இப்போது அண்ணன் வீட்டில், கிழக்குப் பக்க அறைக்குத் திரும்பினார்.

இறந்தவரின் கடிதங்களைச் சேர்த்து எங்களிடம் அனுப்புவது வழக்கம். ஊறவைத்து, வேகவைத்து, இடித்துக் கூழாக்கிப் புதுத் தாள் செய்வோம். மை முழுக்கப் போகாது. தாள் மழைமேகம்போலச் சாம்பல் நிறத்தில் வரும். அதில் சூத்திரம் எழுதி நாற்பத்தொன்பதாம் நாள் கோயிலுக்குக் கொடுப்பார்கள். இறந்தவரின் கையெழுத்தே புத்தரின் சொல்லைச் சுமக்கும். இதை நான் கேலி செய்யவில்லை. என் அம்மாவின் கடிதங்களை நானே என் கையால் கொப்பரையில் இட்டேன்.

முப்பத்தெட்டாம் நாள் காலையில் ஒரு பெட்டி வந்தது. மேலே சுகெதாகாவின் சீட்டு: 'இளவரசியின் கையெழுத்துள்ள தாள்கள். பணிப்பெண் மிமசாகா மனமுவந்து அளித்தவை.' திறந்ததும் சாயத் திட்டுகளைப் பார்த்தேன். தெரிந்த காகிதம். ஒரு பக்கம் படித்தேன். பிறகு இன்னொன்று. அண்ணனைப் பற்றிய பக்கத்தை மூன்று முறை படித்தேன்.

சாலைத் தலைவர் குரோமாரோ முழங்கை வரை கூழோடு வந்து நின்றார்.

"என்ன எழுத்தரே, சிரிக்கிறீங்க? செத்தவங்க கடிதத்தப் படிச்சுச் சிரிச்சா வாய் கோணிப்போகும்."

"ஒன்னுமில்லை" என்றேன்.

ஆனால் பெட்டியின் மேல்தாளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. புது மை. ஓரத்தில் எதுவுமில்லை, சீண்ட ஆளில்லையே. எழுத்து பாதி வாக்கியத்தில் நின்றிருந்தது: 'இளவரசி இல்லாத இந்த வீட்டில் மழை பெய்யும்போது எனக்கு'. அதற்குமேல் இல்லை. பாதி வாக்கியத்தை யார் மனமுவந்து கொடுப்பார்கள்?

"இது சாயக் காகிதம்" என்றேன். "தனித்தனியாப் பிரிக்கணும். இல்லேன்னா மொத்தக் கொப்பரையும் சிவந்துடும்."

"எவ்வளவு நேரமாகும்?"

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும்."

"அடேயப்பா! காகிதம் பிரிக்கிறீங்களா, குடும்பம் பிரிக்கிறீங்களா?" குரோமாரோ போய்விட்டார்.

மிமசாகாவின் வீட்டுக்கு நடந்தேன். கிழக்குப் பக்க வாசல் மூடியிருந்தது. மூங்கில் மறைப்பு முழுக்க விலக்குச் சீட்டுகள். அன்று அவருக்குக் கிரகப்படி ஆகாத நாள், விலக்கு நாள். பொழுது சாயும்வரை வெளியே வரக் கூடாது, யாரும் உள்ளே போகக் கூடாது, கடிதம்கூட வாங்கக் கூடாது. சோதிடர் குறித்த நாள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். தங்கை உள்ளறையில் அடைந்திருந்தபோது வெளியறையில் இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு போவதற்கு இதைவிட நல்ல நாள் ஏது? பக்தி என்ற பெயரில் நாள் பார்த்துச் செய்த திருட்டு.

வேலியருகே நின்று கனைத்தேன். வேலைக்காரி வாக்கமேயின் குரல் வந்தது.

"இன்னிக்கு விலக்கு. நாளைக்கு வாங்க."

"கடிதம்..."

"கடிதமும் விலக்கு."

"அப்ப நான் சொல்றேன், கேட்டுக்கோங்க."

"நான் கேக்கலை. காதைப் பொத்திக்கிட்டிருக்கேன். சீக்கிரம் சொல்லுங்க."

பெட்டி வந்ததைச் சொன்னேன். உள்ளே ஏதோ கீழே விழுந்தது. பிறகு இன்னும் உள்ளேயிருந்து வேறொரு குரல். மிமசாகாவின் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

"எந்தப் பெட்டி? யார்யாரோ பெட்டி வரும். என்ன எழுதியிருக்கு, படிங்க."

தெருவில் முலாம்பழக்காரன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தான். நான் வேலியைப் பார்த்துக்கொண்டு, நினைவில் இருந்ததைச் சொன்னேன்: "எனக்குப் பல் வலிக்கும்போது மற்றவர்கள் எல்லாரும்..."

"இன்னும் சத்தமாச் சொல்லுங்க."

கத்திச் சொன்னேன். முலாம்பழக்காரன், "யோவ், பல் வலின்னா கிராம்பு வையி, வேலிகிட்டச் சொல்லி என்ன ஆகப்போவுது?" என்றான்.

பிறகு அவர் கேட்டார், "கொப்பரையில போட்டாச்சா?"

"இல்லை. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தள்ளியிருக்கேன்."

"காகிதச் சாலை இங்கேருந்து வடமேற்கு. இந்த ஆறு நாளும் வடமேற்குல திசைத் தெய்வம் இருக்கு, அந்தத் திசையில நான் போகக் கூடாது. அதையும் பார்த்துத்தான் வச்சிருக்கார் எங்க அண்ணன்." பிறகு குரல் வேலைக்காரியின் பக்கம் திரும்பியது. "வாக்கமே, பொழுது சாஞ்சதும் வண்டி. மேற்குத் தெருவுல என் தோழி வீட்டுக்குப் போய் ராத்திரி தங்கறோம். அங்கேருந்து சாலை நேர் வடக்கு. வடக்குல எந்தத் தெய்வமும் இல்லை."

மறுநாள் காலை மழையில் வண்டி வந்தது. அதற்குச் சற்றுப் பின்னால் குதிரையில் சுகெதாகாவும் வந்தார். வண்டிக்காரன் அவர் வீட்டு ஆள்தானே. எங்கள் ஆட்கள் கூழைக் கலக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ஆம்பளைங்க வேலை செய்யற இடம்" என்றார் சுகெதாகா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "வண்டியைத் திருப்பச் சொல்லு."

வண்டியின் மூங்கில் திரைக்குள்ளிருந்து பதில் வந்தது. "நான் வண்டியை விட்டு இறங்கலையே அண்ணா. என் பெட்டிதான் எனக்குத் தெரியாம இறங்கி இவ்வளவு தூரம் வந்துடுச்சு."

"அது உன் பெட்டி இல்லை. ஒவ்வொரு தாள்லயும் அவங்க கையெழுத்து இருக்கு. நீ கட்டி வச்சுக்கிட்டா அவங்க போக வேண்டிய இடத்துக்குப் போக முடியாம இந்த ஊர்க் கூரையையே சுத்திக்கிட்டிருப்பாங்க. அது உனக்குச் சம்மதமா?"

திரையின் கீழே சாம்பல்நிறச் சட்டைக் கையின் ஓரம் தெரிந்துகொண்டிருந்தது. அது சட்டென்று உள்ளே இழுபட்டது. இந்த இடத்தைத்தான் ஊர் விட்டுவிட்டுப் பேசுகிறது. அவரும் அதை நம்புகிறவர். நம்மில் யார் நம்பவில்லை? அண்ணன் அவர் பயத்தில் கை வைத்தார், அது வேலை செய்யும் என்று தெரிந்தே.

"என்னைக் கேட்டிருக்கலாமே" என்றார்.

"கேட்டா குடுத்திருப்பியா?"

"ஒரு தடவை படிச்சுட்டுக் குடுத்திருப்பேன்."

மழை பெய்துகொண்டிருந்தது. பிறகு அவர், "எழுத்தரே, கத்தி இருக்கா?" என்று கேட்டார்.

"ஓரம் நறுக்கற கத்தி இருக்கும்மா."

"பெட்டியையும் கத்தியையும் உள்ள குடுங்க."

கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் திரைக்குக் கீழே ஒரு நீளத் துண்டு வெளியே வந்தது. இளவரசியின் கையெழுத்து. குரோமாரோ கையைத் துடைத்துக்கொண்டு கூடையில் வாங்கினார். இன்னொன்று வந்தது. ஒவ்வொன்றுக்கும் நடுவில், ஒரு தடவை படித்து முடிக்கிற நேரம் ஆயிற்று. பன்னிரண்டு வருடத்துச் சீண்டல்கள், ஒரு விரல் அகலத் துண்டுகளாக. ஒருமுறை உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. வாக்கமே அழ ஆரம்பித்தாள். சுகெதாகா குடைக்குக் கீழே நின்றார். மத்தியானம் வரை ஆயிற்று.

"சரி" என்றார் சுகெதாகா. "மீதியையும் போடு."

"மீதியில அவங்க கையெழுத்து இல்லையே."

"ஒரே காகிதம்தானே?"

"அவங்களுக்குச் சேர வேண்டியது கூடையில இருக்கு அண்ணா. மீதி யாருக்குச் சேரணும்? நீங்களே சொல்லுங்க, எல்லாரும் கேக்கறாங்க."

குரோமாரோ பெட்டியோடு வந்த சீட்டைக் கையில் எடுத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, என்னைப் பார்த்தார். நான் மெதுவாக, "இளவரசியின் கையெழுத்துள்ள தாள்கள்" என்று படித்தேன்.

"அதான் ஐயா" என்றார் குரோமாரோ. "சும்மா எழுத்துக்கு எங்க கொப்பரையில இடமில்லைங்க."

நான் அப்போது சுகெதாகாவின் தொப்பியைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டேன்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் வண்டிக்குள்ளிருந்து அவரே சொன்னார், "ஒரு பக்கம் இருக்கு. வெட்ட முடியலை. ஓரம் பத்தாம வரிக்கு நடுவுலெல்லாம் எழுதிட்டாங்க."

அதை மடித்துச் சட்டைக் கைக்குள் வைத்திருந்தால் யாருக்குத் தெரியும்? திரைக்குள் யார் பார்த்தார்கள்? அவர் முழுப் பக்கத்தையும் வெளியே நீட்டினார். மேலே இருந்த வரியைப் பார்த்தேன். அண்ணனைப் பற்றிய பக்கம். இளவரசிக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். சுகெதாகாவும் பார்த்துவிட்டார். குடைக்குக் கீழே அவர் புன்னகைத்தார்.

நாற்பத்தொன்பதாம் நாள் கோயிலில் காணிக்கைப் பட்டியல் வாசித்தார்கள். 'சடங்குத் துறை சுகெதாகா, தாள்கள்' என்று வந்தது. மிமசாகா என்ற இரவல் பெயர்கூட வரவில்லை. அடுத்த மாதப் பதவி அறிவிப்பில் சுகெதாகாவுக்கு ஒரு படி உயர்வு. அவருடைய பக்தியை எல்லாரும் புகழ்ந்தார்கள். காகிதத்தைத் தடுக்க வந்த தங்கையைப் பற்றிய பேச்சு அன்றுதான் கிளம்பியது. அது எந்த வாயிலிருந்து கிளம்பியிருக்கும் என்பதைப் படிக்கிறவர்களே ஊகிக்கட்டும்.

மிமசாகா அண்ணன் வீட்டுக்குத் திரும்பவில்லை. மேற்குத் தெருவில் தோழியின் வீட்டில் இருக்கிறார். அங்கே கூரை ஒழுகுகிறது. பாதியில் நின்ற வாக்கியத்தை முடித்துவிட்டார் என்று வாக்கமே சொன்னாள். ஓரம் வெட்டிய பக்கங்களை நான் படியெடுக்கிறேன். 'பொய்யில்லை. எனக்கு வலித்தது இடப்பக்கம்' என்று ஒரு வரி வருகிறது. யாரோ பொய் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த யாரோ பக்கத்தில் இல்லை. நான் அதைச் சரிசெய்யவில்லை. ஓரத்தில் ஒரு விரல் அகலம் வெறுமையாக விடுகிறேன்.

கொப்பரைக்குப் போன அந்த ஒரு பக்கம் என் நினைவில் இருந்தது. இளவரசி நடுவில் எழுதியதும் நினைவிருக்கிறது. அதை எழுத மாட்டேன், அது சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது. மற்றதை எழுதி எடுத்துக்கொண்டு போய், மிமசாகாவின் திரைக்கு வெளியே உட்கார்ந்து வாசித்தேன். முதல் வரியிலேயே நிறுத்தினார்.

"தொப்பியா? எங்க எழுதினேன் தொப்பின்னு? தொப்பிக்குப் பின்னாடி தொங்கற வால். தொப்பி ஆடினா விழுந்துடும் எழுத்தரே, வால்தான் ஆடும். நான் பார்த்ததை எழுதினேன். நீங்க ஊர் சொல்றதை எழுதிட்டு வந்திருக்கீங்க. வேற தாள் எடுங்க."

வேறு தாள் எடுத்தேன். அந்தப் பக்கம் இதுதான்:

'என் அண்ணன் கோபப்படும்போது முதலில் கோபப்படுவது அவருடைய தொப்பியின் வால். முகம் அமைதியாக, நான் எதையும் மனத்தில் வைத்துக்கொள்கிறவன் இல்லை என்கிறது. வால் முதுகுக்குப் பின்னால் இல்லை, இல்லை என்று ஆடுகிறது. சிறுவயதில் எனக்கு அவரிடம் பயம். அவர் தொப்பி போட ஆரம்பித்த நாளிலிருந்து பயம் போய்விட்டது. முகத்தை எவ்வளவு பாடுபட்டுக் காவல் காக்கிறார். முதுகைக் காவல் காக்க ஒருவரும் இல்லையே என்று நினைத்தபோது எனக்கு அவர்மேல் அன்பு வந்தது.'